நான்காவது தசம இலக்கம்: எண்ணியல் முறைகள் தாளில் கால்குலேட்டரை எவ்வளவு நம்பலாம்?

ரிசல்ட் வந்துவிட்டது, எண்ணியல் முறைகள் தாளில் நல்ல மதிப்பெண். கொஞ்ச நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய கையோடு இதை எழுதுகிறேன். பாடத்திட்டம், பகுதி வாரியான மதிப்பெண் எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று: கால்குலேட்டரின் தொகையீட்டுப் பொத்தானை (∫) அழுத்தியதும் திரையில் வந்து நிற்கிற பத்து இலக்கங்களில் எத்தனை உண்மையானவை என்று கண்டுபிடிக்கும் வழி. "நான்கு தசம இலக்கங்களுக்குத் திருத்தமாக" என்று கேட்கிற தாளில் என் மதிப்பெண்ணைத் தீர்மானித்தது இதுதான்.

என்னிடம் இருந்தது காசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ். அது சிம்ப்சன் விதிப்படி தொகையிடும்: இடைவெளியைச் சம துண்டுகளாக வெட்டி, சார்பின் வளைவுக்குப் பதில் பரவளையங்களை வைத்துப் பரப்பைக் கணக்கிடும் முறை அது. மேல் எல்லைக்குப் பிறகு ஒரு கமா போட்டு 1 முதல் 9 வரை ஒரு முழு எண் கொடுக்கலாம். 6 கொடுத்தால் இடைவெளியை 2⁶, அதாவது 64 துண்டுகளாக வெட்டும். கொடுக்காமல் விட்டால் தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பலர் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. நான் அதைத் தொடாமல் ஒரு கணக்கும் போட்டதில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வர்க்கமூலம் எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ் (√x · cos x), 0 முதல் 1 வரை, ரேடியனில். 6 கொடுத்தால் 0.53104 வரும். 7 கொடுத்தால் 0.531147. 8 கொடுத்தால் 0.53118. நான்கு தசமத்துக்குச் சுருக்கினால் முறையே 0.5310, 0.5311, 0.5312. சரியான விடை 0.5312. 64 துண்டு போதாதா என்று முதலிலேயே நிறுத்தியவருக்கும் மதிப்பெண் போகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை இரட்டித்துப் பார்த்தவருக்கும் போகும்.

விடைகளைப் பார்ப்பதோடு அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்றும் பாருங்கள். ஒழுங்கான சார்பு என்றால் துண்டுகளை இரட்டிக்கும்போது சிம்ப்சன் பிழை ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இங்கே முதல் வித்தியாசம் சுமார் 0.000103, அடுத்தது சுமார் 0.000036. மூன்றில் ஒரு பங்குதான் ஆகியிருக்கிறது. எங்கோ ஓர் ஓரத்தில் சார்பு முரண்டு பிடிக்கிறது என்று அர்த்தம். இங்கே அந்த ஓரம் 0. அங்கே வர்க்கமூலத்தின் சரிவு எல்லையில்லாமல் செங்குத்தாகப் போகிறது. இந்த நிலையில் துண்டு எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவது நேர விரயம்.

அதற்குப் பதில் எக்ஸ் இருக்கும் இடத்தில் டி என்ற புது மாறியின் வர்க்கத்தைப் போடுங்கள். சார்பு 2 டி-வர்க்கம் பெருக்கல் காஸ் டி-வர்க்கம் என்று மாறும், எல்லைகள் அதே 0, 1. இப்போது 4 கொடுத்தாலே, அதாவது வெறும் 16 துண்டிலேயே, 0.5312 வந்துவிடும். முன்பு 256 துண்டு கேட்ட அதே கணக்கு! தேர்வில் இந்த வகைக் கேள்வி ஒன்று வந்தது. மூன்று விடைகளையும் ஓரமாக எழுதி வித்தியாசம் பார்த்து, பதிலீடு செய்து முடித்தேன். அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை நாள் பயிற்சி செய்ததில் எனக்கு முழுத் திருப்தி.

அடுத்தடுத்த இரண்டு விடை ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பவர்கள், சைன் வர்க்கம் 8எக்ஸ், 0 முதல் 2 பை வரை போட்டுப் பாருங்கள். சரியான விடை பை. 3 கொடுத்தாலும் 4 கொடுத்தாலும் பூஜ்ஜியமோ அதை ஒட்டிய ஒன்றோதான் வரும், ஏனென்றால் கால்குலேட்டர் போய்ப் பார்க்கிற ஒவ்வொரு புள்ளியிலும் சார்பு பூஜ்ஜியம். இரண்டும் ஒத்துப்போகின்றன, இரண்டும் தப்பு. 5 கொடுத்தால் பையின் 4/3 மடங்கு, 6 கொடுத்தால்தான் பை. ஆகவே ஏறி இறங்கும் சார்பு என்றால் 0 முதல் 1, 1 முதல் 2 பை என்று ஒழுங்கில்லாத இடத்தில் வெட்டி, தனித்தனியாகத் தொகையிட்டுக் கூட்டுங்கள்.

வேறு மாடல் வைத்திருப்பவர்களுக்கு:

- 991இஎஸ் வகையில் துண்டு எண்ணிக்கை கிடையாது, டாலரன்ஸ்தான், அதாவது எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்ற அளவு. முறையும் சிம்ப்சன் இல்லை, காஸ்-குரோன்ராட் (Gauss–Kronrod) என்ற வேறொரு தொகையீட்டு முறை. கொடுக்காவிட்டால் தொகையீட்டுக்கு 10⁻⁵ என்று எடுத்துக்கொள்ளும். கணித வடிவ உள்ளீட்டில் அதை மாற்ற இடமே இல்லை, எல்லாவற்றையும் ஒரே வரியில் தட்டும் லைன் மோடுக்குப் போக வேண்டும். இதைத் தேர்வுக்கு முன்பே பழகிவிடுங்கள்.
- அதில் 'டைம் அவுட்' வந்தால் டாலரன்ஸைத் தளர்த்தலாம், ஆனால் துல்லியம் குறையும். நான் இடைவெளியை வெட்டுவதைத்தான் சொல்வேன்.
- ஃபிக்ஸ் 4 (நான்கு தசம இலக்கம் மட்டும் காட்டும் அமைப்பு) வைத்தால் துல்லியம் மாறாது, காட்டுவது மட்டும் மாறும். எச்பி-15சி-யில் கதை வேறு: எத்தனை இலக்கம் காட்டச் சொல்கிறோமோ அதை வைத்துத்தான் தொகையீட்டின் துல்லியத்தையே அது முடிவு செய்யும்.
- மேல் எல்லை முடிவிலி என்றால் 10⁹⁹ போடாதீர்கள். எக்ஸ் பெருக்கல் ஈ-யின் அடுக்கு மைனஸ் எக்ஸ் என்ற சார்புக்கு விடை 1. ஆனால் பார்க்கும் புள்ளிகள் எல்லாம் வெகு தூரத்தில் விழுந்து 0 என்று வந்துவிடும். 20 வரை தொகையிட்டாலே விடுபடுவது 0.00000005-க்கும் குறைவு.

வகையீட்டில் நிலைமை தலைகீழ், அங்கே சிறிய படி என்றால் நல்லது என்று நினைக்கக் கூடாது. மைய வித்தியாச முறையில், அதாவது புள்ளிக்கு இருபுறமும் ஒரு படி தள்ளி உள்ள மதிப்புகளைக் கழித்து இரண்டு படியால் வகுக்கும் முறையில், எக்ஸ் கனத்துக்கு 2-இல் படி 0.001 வைத்தால் 12.000001 வரும், பிழை சரியாகப் படியின் வர்க்கம். டிஐ-84 கால்குலேட்டர் இயல்பாக எடுக்கும் படி இந்த 0.001தான். படியை 10⁻⁹ ஆக்கினால் ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழித்து, உள்ளே இருக்கும் இலக்கங்களில் பாதியை இழந்துவிடுவோம். 10⁻⁵ பக்கம் நின்றுகொள்ளுங்கள். மட்டு எக்ஸுக்கு 0-இல் வகையீடு கேட்டால் கூசாமல் 0 என்று சொல்லும். அங்கே வகையீடே இல்லை என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும், அதற்கும் தனி மதிப்பெண் உண்டு.

விடைத்தாளில் துண்டு எண்ணிக்கையையும் எழுதுங்கள். ஒவ்வொரு விடையையும் ஏ, பி, சி நினைவகத்தில் போட்டு வைத்தால் வித்தியாசம் எடுக்க மறுபடி தட்ட வேண்டியதில்லை. தொகையீடு ஓடும்போது திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருக்கும், அந்த நேரத்தில் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.