கறுப்பு வயரின் கணக்கு

ஜனவரி 11, சனி

நானே வயரிங் செய்யும் சிறு விமானத்துக்கு ஆய்வுத் தேதி இன்னும் வரவில்லை. ஹாங்கரில் விரல் மடங்காத குளிர்.

பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு 4 கேஜ் கேபிள் (கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும்) போதுமா? 4 கேஜ் செம்பு அடிக்கு 0.25 மில்லிஓம். பேட்டரி ஃபயர்வாலில் (எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தீத்தடுப்புச் சுவர்) இருந்தால் போக 5 அடி, திரும்ப 5 அடி, மொத்தம் 2.5 மில்லிஓம். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது 0.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது பரவாயில்லை. எடைச் சமநிலைக்காகப் பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் தள்ளினால் போக 15, திரும்ப 15. இழப்பு 1.5 வோல்ட். இந்தக் குளிரில் பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும், அதில் 1.5 போனால் புரொப்பெல்லர் அரைச்சுற்றில் நின்றுவிடும். 2 கேஜ் என்றால் அடிக்கு 0.156, இழப்பு 0.94. எடை கூடும், ஆனால் கிளம்பும்.

இது போகவும் திரும்பவும் கேபிள் போடும் கணக்கு. உலோக விமானத்தில் உடலே திரும்பும் வழி, அந்தப் பாதி ஏறக்குறைய மிச்சம். ஃபைபர் உடலில் அந்தச் சலுகை கிடையாது. சிவப்பு வயரை மட்டும் அளந்துவிட்டுக் கேபிள் வாங்குகிறவர்களே அதிகம். கறுப்பும் வயர்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது மின்சாரத்தைப் பொறுத்தவரை அது விமானத்தோடு ஒட்டவே இல்லை. கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் உலோக உடல்) ஃபயர்வால் கிரவுண்ட் போல்ட்டுக்குப் பின்னல் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டாலும், பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருந்தாலும், ஸ்டார்ட்டரின் 200 ஆம்பியர் வேறு வழி தேடும். கிடைக்கிற வழி திராட்டில் கேபிளும் மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) கேபிளும். கேபிள் சூடாகி உள்ளுறை உருகும், பிறகு இறுகும். "திராட்டில் ஏன் கடினமாக இருக்கிறது" என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது கிரவுண்ட் பட்டையை.

போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் ஆனோடைஸ் படலத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனோடைஸ் மின்கடத்தாது. பல்வைத்த வாஷர், நட், பிறகு மேலே மெல்லிய பூச்சு.

ஜனவரி 15, புதன்

தேதி இல்லை.

ஜனவரி 18, சனி

நாள் முழுக்க கிரிம்ப், அதாவது வயர் முனையில் டெர்மினலை நசுக்கிப் பொருத்தும் வேலை.

சிவப்பு டெர்மினல் 22 முதல் 16 கேஜ் வரை. நீலம் 16, 14. மஞ்சள் 12, 10. வாங்க வேண்டியது உள்ளே இரண்டாவது உலோகக் குழல் உள்ள வகை. அது செம்பை மட்டுமல்ல, இன்சுலேஷனையும் பிடித்துக்கொள்ளும். கார் கடை டெர்மினலில் அந்தக் குழல் இருக்காது, வயர் ஆடுகிற இடம் செம்பிலேயே விழும், சில நூறு மணி நேர அதிர்வில் இழை இழையாக அறும். ராட்செட் உள்ள கிரிம்பரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். முழு அழுத்தம் முடியும்வரை அது கையை விடாது, அதுதான் அதன் பயன்.

22 கேஜ் வயரில் 19 இழை. உரிக்கும்போது ஒன்று வெட்டுப்பட்டாலும் அந்த முனையை நறுக்கிவிட்டு மறுபடி உரி. செம்பு முனை குழலுக்கு வெளியே நூலளவு தெரிய வேண்டும், இன்சுலேஷன் குழலுக்குள் போய் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு அளவிலும் துண்டு வயரில் ஒரு மாதிரி போட்டு எடைத் தராசில் இழுத்துப் பார்க்கலாம். விமான டெர்மினல்களுக்கான இழுவை எண்கள்: 22 கேஜுக்கு 15 பவுண்டு, 20க்கு 19, 18க்கு 38, 16க்கு 50, 14க்கு 70. இதற்குக் கீழே கழன்றால் டெர்மினல், கருவி, கை மூன்றில் ஒன்று தவறு.

கிரிம்புக்கு மேல் "பாதுகாப்புக்காக" சோல்டர் ஊற்றுகிற பழக்கம் ஒன்று உண்டு. ஊற்றாதே. சோல்டர் இழைகளுக்குள் ஏறி ஓர் இடத்தில் நிற்கும். அந்த எல்லையில் வயர் வளையாத கம்பி, அதற்கு அப்பால் வளையும் வயர். அதிர்வு முழுக்க அந்த ஒரு கோட்டில்தான் விழும். சோல்டர் செய்தே ஆக வேண்டிய இடத்தில் இணைப்புக்கு அப்பால் ஓர் அங்குலமாவது சுருங்கும் குழாய் போட்டுத் தாங்கு கொடுக்க வேண்டும்.

டி-சப் (கருவிகளின் பல பின் கனெக்டர்) பின்களுக்கு நாலு பக்கமும் குத்தும் கிரிம்பர். பின்னில் உள்ள சிறு துளையில் செம்பு தெரியாவிட்டால் அந்தக் கிரிம்ப் கணக்கில் இல்லை. செருகியதும் டிக் என்று ஒரு சத்தம், பிறகு மெல்ல ஓர் இழு. பின் எண்ணை மனக்கணக்கில் வைக்காதே. முன்பக்கமும் பின்பக்கமும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இடம் மாறும். துளை ஓரத்தில் எறும்பளவில் எண் அச்சாகியிருக்கும், லென்ஸ் வைத்துப் படி.

ஜனவரி 19, ஞாயிறு

வயர் எம்22759/16, டெஃப்செல் உறை, 150 டிகிரி செல்சியஸ் தாங்கும். பிவிசி உறை வேண்டாம். எரிந்தால் வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது, சின்ன காக்பிட்டில் கண்ணைத் திறக்க முடியாது.

22 கேஜுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், 20க்கு 7.5, 18க்கு 10. ஃபியூஸ் காப்பது வயரை, கருவியை அல்ல. ரேடியோ தன்னைத் தானே காத்துக்கொள்ளட்டும். ஆகவே ஃபியூஸ் பஸ்ஸுக்கு (மின்சாரம் பிரிந்துபோகும் பொதுப் பட்டை) ஒட்டியே இருக்க வேண்டும், வயரின் மறுமுனையில் வைத்தால் நடுவிலுள்ள வயருக்குக் காவல் இல்லை.

ஆல்டர்னேட்டரின் தடித்த வயருக்கும் இதே தர்க்கம், ஆனால் பலரும் தலைகீழாகப் போடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் தன் திறனுக்கு மேல் அதிகம் தர முடியாது. வயரை எரிக்கும் சக்தி பேட்டரியிடம்தான் இருக்கிறது. எனவே அந்த ஃபியூஸின் இடம் பேட்டரி பக்கத்து முனை.

ஜனவரி 23, வியாழன்

மாஸ்டர் காண்டாக்டரும் ஸ்டார்ட்டர் காண்டாக்டரும் (பெரிய மின்னோட்டத்துக்கான காந்த ஸ்விட்ச்சுகள்) வெளியே பார்க்க ஒரே உருவம். ஒன்று மணிக்கணக்கில் இயங்கத் தக்கது, மற்றது சில நொடிகளுக்கு மட்டும். மாற்றிப் பொருத்தினால் உள்ளிருக்கும் காயில் (கம்பிச் சுருள்) வெந்துவிடும். பெட்டியில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு மார்க்கரால் உடம்பிலேயே எழுதிவை.

காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு. மாஸ்டரில் கோடு போட்ட முனை பேட்டரி போல்ட்டுக்கு, மறுமுனை ஸ்விட்ச்சுக்குப் போகும் காயில் முனைக்கு. ஸ்டார்ட்டரில் கோடு, பட்டனிலிருந்து வரும் முனைக்கு, மறுமுனை கிரவுண்டுக்கு. டயோடு இல்லாவிட்டால் காயில் அணையும் ஒவ்வொரு முறையும் சில நூறு வோல்ட் எகிறி ஸ்விட்ச்சின் தொடுமுனைகளை அரிக்கும். திருப்பிப் போட்டால் ஸ்விட்ச் தட்டிய நொடியில் டயோடு போகும்.

ஜனவரி 26, ஞாயிறு

ஹெட்செட்டில் ஆல்டர்னேட்டர் ஊளை. இன்னும் எஞ்சினே ஓடவில்லை, ஆனால் அந்த ஊளை எங்கிருந்து வரும் என்று இப்போதே தெரியும்: ஜாக்குகள். மைக் ஜாக்கும் போன் ஜாக்கும் அலுமினியப் பேனலைத் தொடாமல் ஃபைபர் வாஷரில் உட்கார வேண்டும். தொட்டால் ஆடியோவுக்கு இரண்டு கிரவுண்ட், ஒன்று இன்டர்காம் வழி, ஒன்று உடல் வழி. இரண்டுக்கும் நடுவே உள்ள சில மில்லிவோல்ட்டைத்தான் காது கேட்கும். ஷீல்டை (வயரைச் சுற்றிய உலோகப் பின்னல்) ஒரு முனையில் மட்டும் கட்டு, இன்டர்காம் பக்கத்தில். மறுமுனையை நறுக்கி மூடிவிடு.

ஊளை வந்த பிறகு ஃபில்டர் வாங்கிப் போடுவது கடைசி வேலை. வாஷருக்கு ஒரு டாலர்கூட ஆகாது.

பிப்ரவரி 1, சனி

மேக்னெட்டோ பீ-லீட்: பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவை அணைக்கும் வயர். இதை யோசித்தால் தூக்கம் வருவதில்லை.

வீட்டு ஸ்விட்ச்சுக்கு நேர்மாறான சங்கதி. ஆஃப் என்றால் வயர் கிரவுண்டோடு சேர்கிறது, ஆன் என்றால் பிரிகிறது. வயர் அறுந்தால் மேக்னெட்டோ எப்போதும் ஆன். சாவி ஆஃபில், பேட்டரியே கழற்றிக் கிடக்கும், ஆனாலும் புரொப்பெல்லரைக் கையால் நகர்த்தினால் எஞ்சின் ஒரு முறை அடிக்கும். ஆளை வீழ்த்த ஒரு முறையே போதும்.

ஒற்றை வயர், ஷீல்டு உள்ளது. மேக்னெட்டோ முனையில் ஷீல்டு மேக்னெட்டோ உடலுக்கு. பேனல் முனையில் ஷீல்டு ஸ்விட்ச்சின் கிரவுண்ட் முனைக்கு மட்டும், பேனல் உலோகத்துக்கு இல்லை. அப்போது ஷீல்டே திரும்பும் வழி, மேக்னெட்டோவின் இரைச்சல் மின்னோட்டம் விமான உடலில் நடமாடாது. மறுபடியும் அந்தக் கறுப்பு வயர்தான்.

சோதனை: வயரை மேக்னெட்டோவிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். ஆஃபில் கிராங்க்கேஸுக்கு 0 ஓம், ஆனில் திறந்த சுற்று. மாட்டியபடியே அளந்தால் உள்ளே முதன்மைக் காயில் ஓர் ஓமுக்குள் இருக்கும், பாயின்ட் மூடியிருந்தால் நேரே கிரவுண்ட். இரண்டுமே மீட்டரில் "சரி" என்று தோன்றும், எதுவும் தெரியாது. கழற்றிய நேரத்தில் மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது, புரொப்பெல்லரைத் தொடாதே.

முனையில் ஓர் இழை பிரிந்து உடலைத் தொட்டால் எதிர்ப்பக்கக் கோளாறு, அந்த மேக்னெட்டோ ஊமை.

பிப்ரவரி 4, செவ்வாய்

தேதி இல்லை. 20 கேஜ் ரோலும் தீர்ந்தது.

பிப்ரவரி 8, சனி

தெர்மோகப்பிள், இரு உலோக வயரால் வெப்பம் அளக்கும் உணரி. அமெரிக்க வண்ண முறையில் சிவப்பு நெகட்டிவ். பேட்டரி வயரில் கை பழகியவர்கள் இங்கே மாற்றிப் போடுவார்கள், எஞ்சின் சூடாக ஆக எண் கீழே போகும். கே வகைக்கு மஞ்சளும் சிவப்பும், ஜே வகைக்கு வெள்ளையும் சிவப்பும். நீட்டுவதற்கு அதே உலோகக் கலவை வயர்தான் வேண்டும். ஃபயர்வாலுக்கு முன்னால் சாதாரண செம்பு வயரை ஒட்டினால், ஒட்டின இடம் 70 டிகிரி, பேனல் 25 டிகிரி என்றால் 45 டிகிரி குறைவாகக் காட்டும். சிலிண்டர் தலை 210இல் வேக, திரை 165 என்று சொல்லும்.

கேன் பஸ் (கருவிகள் தரவு பரிமாறும் இரட்டை வயர்): மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே அளந்தது 60 ஓம். இரண்டு கோடியிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனைத் தடை) இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேட்டர் இல்லை, 40 காட்டினால் எங்கோ மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது.

நல்ல நாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரேடியோ ஆன்டெனா கால் அலை, ஏறக்குறைய 23 அங்குலம். டிரான்ஸ்பாண்டருக்கு (ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவி) 1090 மெகாஹெர்ட்ஸில் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டுக்கும் மறுபாதி விமானத்தின் தோல்தான். அடித்தட்டுக்குக் கீழே பெயின்ட் இருந்தால் அந்த மறுபாதி இல்லை. பக்கத்து ஹாங்கரில் லாங்-ஈஇசட் விமானம். அதற்குத் தோல் ஃபைபர், எனவே விங்லெட்டுக்குள் செம்புப் பட்டையில் டைப்போல் (இரு பாதியும் தானே கொண்ட ஆன்டெனா). அங்கே யாரும் பெயின்ட் சுரண்ட வேண்டியதில்லை, பொறாமையாக இருக்கிறது.

ஆன்டெனா கேபிள் (கோஆக்ஸ்) ஆர்ஜி-400. எஸ்டபிள்யூஆரை (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு) 118, 127, 136 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் பார்க்க வேண்டும். 2க்குக் கீழே போதும். 3 என்றால் முதலில் கேபிளின் பிஎன்சி கனெக்டர் முனை, பிறகு அடித்தட்டு, கடைசியில்தான் ஆன்டெனா.

இறக்கை நுனியில் மேக்னெட்டோமீட்டர் (திசை அறியும் காந்த உணரி). பக்கத்தில் போகும் விளக்கு வயருக்குக் கிரவுண்டை அங்கேயே இறக்கையில் கட்டினால் சிவப்பு வயர் தனியாகக் காந்தப்புலம் போடும், விளக்கு எரியும்போதெல்லாம் திசை சில டிகிரி நகரும். கறுப்பையும் கூடவே முறுக்கிக் கொண்டுவா. எஃகு திருகும் அங்கே ஆகாது.

பிப்ரவரி 15, சனி

முதல் மின்சாரம்.

எல்லா ஃபியூஸும் வெளியே, எல்லாக் கருவியின் கனெக்டரும் கழற்றியபடி. பேட்டரி நெகட்டிவ் உடலுக்கு. பாசிட்டிவ் நேராக பஸ்ஸுக்குப் போகாமல் ஒரு 12 வோல்ட் 21 வாட் பிரேக் விளக்கு வழியாக. மாஸ்டர் காண்டாக்டர் வழியாக வேண்டாம், அதன் காயிலே ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுத்து விளக்கைக் குழப்பும். ஃபியூஸ் ஒவ்வொன்றாகச் செருகு. விளக்கு முழுதாக எரிந்தால் அந்த வழியில் ஷார்ட். அப்படியே எரியட்டும், 2 ஆம்பியருக்கு மேல் எதுவும் பாயாது, வயரைக் குலுக்கித் தேடலாம். விளக்கு எப்போது அணைகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு.

பிறகு கனெக்டர்கள். மின்சாரம் வர வேண்டிய பின்னில் மட்டும் 12, மற்ற எதிலும் 0. இதை முடிக்காமல் திரையைச் செருகுகிறவர் பணக்காரர்.

ஒரு விஷயம்: ஓம் மீட்டரை நம்பி இணைப்பை முடிவுசெய்யக் கூடாது. 19 இழையில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 0 காட்டும். சுமையோடு இழப்பை அள. 14 வோல்ட் விமானத்தில் தொடர்ந்து ஓடும் சுமைக்கு 0.5 வோல்ட், விட்டுவிட்டு ஓடுவதற்கு 1 வோல்ட், அதுவே எல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஃபயர்வால் துளைகள். பிளாஸ்டிக் குரோமெட் (துளை வளையம்) தீயில் சில நொடிதான் தாங்கும். எஃகு குழல், தீயுறை, சூட்டில் உப்பிப் பெருகும் சீலன்ட் வேண்டும்.

எஞ்சின் மவுன்ட் குழாயில் நைலான் டை கட்டியிருந்தால் இன்றே வெட்டு. அடியில் மணல் சேர்ந்து அதிர்வில் குழாயையே அரம் போல ராவும். ரப்பர் வைத்த கிளாம்ப் போடு. மற்ற இடங்களில் மெழுகு நூல்.

எரிபொருள் குழாயும் வயரும் ஒன்றாகக் கட்டப்படக் கூடாது. வயர் மேலே, பெட்ரோல் கீழே.

பிப்ரவரி 20, வியாழன்

ஆல்டர்னேட்டர் போனால்? எச்சரிக்கை விளக்கு 13.0 வோல்ட்டில். சார்ஜ் ஏறாத ஈய பேட்டரி அதற்கு மேல் நிற்காது, ஆகவே அந்த எண் பொய் சொல்லாது. அதிக வோல்ட்டுக்கு 16 அருகே ஃபீல்டு பிரேக்கரை (ஆல்டர்னேட்டரை அணைக்கும் பிரேக்கர்) தட்டிவிடும் சுற்று. அவசரப் பஸ்ஸுக்கு மெயினிலிருந்து டயோடு வழி ஒரு பாதை, பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழி இன்னொன்று. டயோடு 0.7 வோல்ட் தின்னும், தின்னட்டும்.

பேட்டரி மேல் எழுதியிருக்கும் 17 ஆம்பியர்-மணி பொதுவாக 20 மணி நேரத்தில் மெல்ல இழுத்த கணக்கு. 4 ஆம்பியர் சுமைக்கு நாலு மணி நேரம் என்று வகுத்துச் சந்தோஷப்படாதே. இரண்டு என்று வை.

பிப்ரவரி 22, சனி

கிரவுண்ட் பட்டை. மேல் ஸ்பார்க் பிளக் எல்லாம் கழற்றி, மேக்னெட்டோ ஆஃப், மிக்ஸ்சர் அடைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது கிராங்க்கேஸுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.14 வோல்ட். 0.2க்கு மேல் போனால் போல்ட்டைத் திறக்க வேண்டியிருந்திருக்கும்.

மார்ச் 1, சனி

தேதி வந்துவிட்டது. செவ்வாய் காலை 9 மணி.

கவுலிங் (எஞ்சின் மூடி) கழற்றியிருக்க வேண்டும், எல்லா மூடியும் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் பெயர்ச்சீட்டு. வயர் புத்தகம் பிரின்ட். பீ-லீட் இரண்டையும் நாளை கழற்றி மறுபடி அளக்க வேண்டும்.