கிராவல் குவாரி விரிவாக்கமும் ஊர்ச்சாலைக் கணக்கும்

'சாதாரண கல் மற்றும் கிராவல் குவாரி' என்ற பெயரில் தமிழ்நாட்டில் வரும் விரிவாக்க விண்ணப்பங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைக் கொஞ்ச காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். காற்று, நீர், ஒலி, வெடி அதிர்வு என்று பக்கம் பக்கமாக நீளும் அவ்வறிக்கைகளில் போக்குவரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு பக்கங்களும் ஓர் அட்டவணையும்தான். ஆனால் ஊர்க்காரர் ஒருவர் ஆய்வகமோ கருவியோ இல்லாமல் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டே சரிபார்க்கக்கூடிய பகுதியும் அதுதான்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் அதன் பின்வந்த திருத்தங்களும் குவாரிகளுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்குகின்றன. ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கொண்டு, அதன் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்த வேண்டும். முடிவெடுப்பது அந்தக் கூட்டமன்று. நிபுணர் குழுவின் பரிந்துரையைப் பெற்று மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம்தான் முடிவெடுக்கிறது.

இனி லாரிக் கணக்குக்கு வருவோம். எளிமைக்காக நானே வகுத்துக்கொண்ட ஒரு குவாரியை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து ஆண்டுகளில் 4,50,000 கன மீட்டர் கல்லும், முதல் மூன்று ஆண்டுகளில் 90,000 கன மீட்டர் கிராவலும் எடுக்க அனுமதி கேட்கிறார்கள். ஆண்டுக்கு 300 வேலை நாள். அப்படியானால் நாளொன்றுக்குக் கல் 300 கன மீட்டர், கிராவல் 100 கன மீட்டர். ஆறு யூனிட் டிப்பர் ஏறக்குறைய 17 கன மீட்டர் கொள்ளும் என்பதால், 400ஐ 17ஆல் வகுத்து 'ஒரு நாளைக்கு 24 நடை' என்று எழுதிவிடலாம். பார்ப்பதற்கு அது சின்ன எண்தான்.

ஆனால் அந்த 300 கன மீட்டர் என்பது பாறை உடைபடாமல் பூமியில் கிடக்கும்போது உள்ள அளவு. உடைந்த கல் அதைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பது ஒருபுறமிருக்க, சாலையில் செல்லும் வண்டியைச் சட்டம் எடையால்தான் அளக்கிறது. பாறை கன மீட்டருக்குச் சுமார் 2.6 டன், கிராவல் சுமார் 2 டன் என்று வைத்தால் நாளொன்றுக்கு 980 டன் வெளியேற வேண்டும். மூன்று அச்சு டிப்பர் ஒன்று பாரத்தோடு சேர்த்து 28.5 டன்னுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2018இல் உயர்த்தப்பட்ட வரம்பு. வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் ஏற்றக்கூடியது ஏறத்தாழ 17.5 டன். எனவே 56 நடை வேண்டும். வெற்று வண்டி திரும்பி வருவதையும் சேர்த்தால் 112 முறை ஒரு லாரி ஊரைக் கடக்கும். பத்து மணி நேர வேலை நாளில் ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒன்று. 24 நடையிலேயே வேலையை முடிப்போம் என்று ஒருவர் சொன்னால், வண்டிக்கு 40 டன்னுக்கு மேல் ஏற்றுவோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறார் என்றே பொருள்.

கிராவல் முதல் மூன்று ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. மொத்த அளவை ஐந்தால் வகுத்துச் சராசரி காட்டும் அறிக்கையில், கல்லும் கிராவலும் சேர்ந்து வெளியேறும் அந்த மூன்று ஆண்டுகளின் நெருக்கடி மறைந்துபோகும். அதேபோல், தொகுப்பைக் கணக்கிடும் 500 மீட்டர் எல்லை லாரிகளுக்குத் தெரியாது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள குவாரியின் வண்டிகளும் அதே ஒன்றியச் சாலை வழியாகத்தான் நெடுஞ்சாலையை அடைகின்றன. எனவே கேட்க வேண்டியது, இந்த ஒரு குவாரி எத்தனை வண்டிகளைக் கூட்டும் என்பது மட்டுமல்ல. இந்தச் சாலையில் மொத்தம் எத்தனை வண்டிகள் ஓடும், அதன் அகலமும் அடித்தளமும் அதற்குத் தாங்குமா, பள்ளி விடும் நேரத்தில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

புழுதியும் இதோடு சேர்ந்ததே. குவாரித் தூசி என்றதும் வெடிவைப்பும் கிரஷரும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஊருக்குள் வரும் தூசியில் பெரும்பங்கு தார்போடாத பாதையில் ஓடும் சக்கரங்களிலிருந்து கிளம்புவது என்பதே என் கணிப்பு. விரிவாக்க விண்ணப்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய குவாரி இயங்கிக்கொண்டிருக்கும்போதே காற்றின் 'அடிப்படை நிலை' அளக்கப்படுவதால், ஏற்கெனவே கிளம்பிய தூசி இயல்புநிலையாகப் பதிவாகிவிடுகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கு (PM10) உரிய 24 மணி நேர வரம்பான கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமை மீறவில்லை என்று அறிக்கை சொல்லும்போது, அளவீடு எந்த மாதத்தில் நடந்தது, அன்று குவாரி ஓடியதா என்று கேட்பது நியாயமான கேள்வி. பழைய அனுமதியின் நிபந்தனைகள் எந்த அளவுக்கு நிறைவேறின என்பதற்குச் சான்றளிக்கப்பட்ட அறிக்கை தேவை என்பதால் அதையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். நடுவதாகச் சொன்ன மரங்களும், தண்ணீர் தெளிப்பதாகச் சொன்ன லாரியும் அதில் தெரிந்துவிடும்.

கிணறுகளைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. குழி ஆழமாகும்போது சுற்றிலும் நீர்மட்டம் என்னாகும் என்பது தனிப் பதிவுக்குரிய பொருள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அங்கே கோபமாகப் பேசுவதில் தவறில்லை, ஆனால் 'குவாரி வேண்டாம்' என்ற ஒற்றை வரி 'பொதுவான எதிர்ப்பு' என்ற அளவில் கடந்துபோகும். மேலே போட்டதைப் போன்ற கணக்கை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றால் விண்ணப்பதாரர் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்பது விதி. அதுவரை காத்திருந்து, தாம் சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதையும் மீறி அனுமதி வழங்கப்பட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம்.