வரன் தேடும் தளத்தில் எதை நம்பலாம்?

இணையத்தில் வரன் தேடி ஏமாந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "படித்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது?" என்று கேட்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. அந்த மோசடி எவ்வளவு பொறுமையாக நடத்தப்படுகிறது என்பதை அவர்கள் பார்த்ததில்லை. கணவரை இழந்த என் அக்கா (சித்தி மகள்), மறுமணத்துக்காகப் பதிவு செய்திருந்த தளத்தின் வழியே வந்த ஓர் உரையாடலை என்னிடம் முழுவதுமாகப் படிக்கக் கொடுத்தார்.

மான்செஸ்டரில் எலும்பு முறிவு மருத்துவர், மனைவியை இழந்தவர், பள்ளியில் படிக்கும் ஒரு மகள் என்பதுதான் அந்த வரனின் விவரம். பழகிய சில நாளிலேயே தளத்தை விட்டு வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். அதன்பின் பல வாரங்கள் பணம் என்ற பேச்சே இல்லை. அக்காவின் மகனுக்குத் தேர்வு என்றால் காலையில் வாழ்த்து, மாமியாருக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்தாயிற்றா என்ற விசாரிப்பு. பிறகு ஒரு பரிசுப் பெட்டியின் புகைப்படம் வந்தது: ஐபோன், கைக்கடிகாரம், நகைகள், அவற்றின்மேல் பவுண்டு நோட்டுக் கட்டுகள். அடுத்து, டெல்லி விமான நிலையச் சுங்கத்துறையிலிருந்து பேசுவதாக ஒரு பெண் அழைத்து, உடனே 38,500 ரூபாய் வரி கட்டாவிட்டால் வெளிநாட்டுப் பணம் கடத்தியதாக வழக்குப் பதிவாகும் என்று மிரட்டினார். பணம் போடச் சொன்னதோ யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கில். அதைக் கண்டதும் அக்கா நிறுத்திக்கொண்டார்.

சுங்க வரி எந்தத் தனிநபரின் கணக்கிலும் வசூலிக்கப்படுவதில்லை. 2019 நவம்பர் முதல் சுங்கத்துறையை நிர்வகிக்கும் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இடம்பெறுகிறது. அந்த எண் உண்மையானதா என்று வாரியத்தின் இணையதளத்திலேயே யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம். இப்போதெல்லாம் பரிசுப் பெட்டிக்குப் பதிலாக, தான் பெரும் லாபம் பார்த்த பங்கு அல்லது கிரிப்டோ செயலி ஒன்றைக் காட்டி, அதில் நம்மையும் முதலீடு செய்யச் சொல்வதும் நடக்கிறது. தொடக்கத்தில் சிறு தொகையை லாபத்தோடு எடுக்க விடுவார்கள். நம்பிக்கை வந்து பெருந்தொகையைப் போட்ட பிறகு, எடுப்பதற்கே வரி கட்டு என்பார்கள்.

சரி, எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுப்பது? 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல இடங்களில் அந்த முத்திரைக்கு, ஒரு கைபேசி எண்ணுக்கு வந்த ஓடிபியைச் சரியாகப் பதிந்தார் என்பதற்குமேல் பொருள் இல்லை. ஆகவே எதைச் சரிபார்த்தார்கள் என்று தளத்திடமே கேட்க வேண்டும். திருமணத் தளங்களுக்காக மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பதிவு செய்பவரின் அடையாள ஆவணங்களைப் பெற வேண்டும் என்றும், குறைதீர் அலுவலரின் விவரத்தைத் தளத்தில் வெளியிட வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தேடியும் கிடைக்காத தளத்தில் பணம் கட்டிச் சேர வேண்டாம் என்பேன். நம் புகைப்படத்தை யார் பார்க்கலாம் என்பதை நாமே முடிவு செய்யும் வசதியும், கணக்கை முழுவதுமாக நீக்கும் வழியும் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம் கட்டினால் பெண்ணின் எண்ணைத் தருகிறோம் என்று தாமாகவே அழைக்கும் 'மேட்ரிமோனி அலுவலகங்களை' அண்டவே வேண்டாம்; மறுமுனையில் மணப்பெண்ணாகப் பேசுபவர் அவர்களிடமே சம்பளம் வாங்குபவராக இருக்கலாம்.

தளம் எவ்வளவு நல்லதானாலும் ஆளை விசாரிக்க வேண்டியவர்கள் நாம்தான். அனுப்பிய புகைப்படத்தை, படத்தைக் கொண்டே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் இட்டுப் பார்த்தால், அது வேறொருவருடையது என்பது சில நேரம் உடனே தெரிந்துவிடும். பிரிட்டனில் மருத்துவர் என்றால் அங்குள்ள பொது மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இங்கிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பெயர் இருந்தாலும், உண்மையான மருத்துவரின் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், அவர் வேலை செய்வதாகச் சொல்லும் மருத்துவமனையின் பொது எண்ணை நாமே தேடி எடுத்து அழைப்பது நல்லது. முகத்தையே மாற்றிக் காட்டும் செயலிகள் வந்துவிட்டதால் காணொளி அழைப்பை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. சொந்த ஊர், படித்த கல்லூரி, பெற்றோர் என்று பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மணம் முடிக்க வந்தவர் அதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

பணம் போய்விட்டால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி நாள் கடத்தாமல் உடனே 1930 என்ற அரசின் சைபர் மோசடி உதவி எண்ணை அழைத்துவிடுங்கள். அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கை மாறுவதற்குள் தகவல் போனால்தான் வங்கிகளால் அதை முடக்க முடியும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் படம் வெளியான தளத்தில் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி விரைந்து நீக்க வேண்டிய கடமை அந்தத் தளத்துக்கு உண்டு. ஆத்திரத்திலோ அவமானத்திலோ உரையாடலை மட்டும் அழித்துவிட வேண்டாம். அதுவும், வரனின் பதிவுப் பக்கமும், பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணும்தான் காவல்துறைக்குத் தேவைப்படும் முதல் ஆதாரங்கள்.