ஆத்தங்குடிக் கல்லில் மணல் எழுத்து: மூன்றாவது தடவை ஒட்டியது

நேற்று சாயங்காலம் ‘ட’ கல்லை முற்றத்தில் வைத்துத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துப் பார்த்தேன். நாலைந்து பொடி உதிர்ந்தது, அவ்வளவுதான். எழுத்து அப்படியே நின்றது. என் பாப்பா விரலால் தடவி எழுத்துப் பழகுவதற்காக, செட்டிநாட்டு ஆத்தங்குடித் தளக்கல்லில் மணலால் எழுத்து ஒட்ட ஆறு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மணல் எழுத்து செய்து பழகியவர்கள், உப்புத்தாளை வெட்டி அட்டையில் ஒட்டினால் தீர்ந்தது என்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எண்பதாம் நம்பர் தாளில் நாலு வயதுப் பாப்பாவின் விரல் நுனி சிவந்துபோனது. அதைவிட நைசான நூற்றைம்பதுக்கு மாறினால் எழுத்துக்கும் அட்டைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வழுவழுப்பு முடிந்து சொரசொரப்பு தொடங்குகிற கரை விரலுக்குத் தெரிந்தால்தான் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டும் எழுத்தின் மேலேயே போகும். அவ்வளவு வழுவழுப்பான பொருளுக்கு எங்கே போவது என்று யோசித்தால், காலடியிலேயே இருந்தது. வீட்டுக்குத் தளம் போட்டபோது மிஞ்சிய எட்டு அங்குல ஆத்தங்குடிக் கற்கள் பின்கட்டில் அடுக்கிக் கிடந்தன.

முதல் தடவை வெறுமனே பசை தடவி மணல் தூவினேன். மறுநாள் பாப்பா இரண்டு முறை தடவியதும் ‘ட’ முழுசாக, தோசை மாதிரி உரிந்து வந்துவிட்டது. அந்தக் கற்கள் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தவை, அதனால்தான் என்று அத்தை சொன்னார்கள். சரி என்று சீயக்காய் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மறுபடி ஒட்டினேன். இந்தத் தடவை நாலு நாள் தாங்கியது.

அப்புறம்தான் கல் செய்கிற விதமே நினைவுக்கு வந்தது. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். கண்ணாடியில் பட்ட பக்கம்தான் மேல்பக்கம், பளபளப்பு அங்கிருந்து வருகிறது. நமக்குப் பிடித்த அதே வழுவழுப்புதான் பசைக்குப் பகை. எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் அந்தப் பளபளப்பை எடுத்துவிட்டால், கீழே இருக்கிற சிமெண்ட் பசையைக் குடித்துக்கொள்ளும்.

மூன்றாவது தடவை செய்தது இதுதான். மாஸ்கிங் டேப்பைக் கல் முழுக்க ஒட்டி, எழுத்தை வரைந்து, பிளேடால் வெட்டி உரித்தேன். திறந்திருந்த இடத்தை அறுபதாம் நம்பர் தாளால் ஈரத்தோடு தேய்த்தேன். காய்ந்த சிமெண்டுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, அதனால் முகக்கவசமும் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் மட்டும்தான் இந்த வேலை. பளபளப்பு போனதும் நிறுத்திவிட வேண்டும், ஆசைக்கு இன்னும் கொஞ்சம் தேய்த்தால் வண்ணம் தேய்ந்து சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தாங்குகிற மரவேலைப் பசையை மெல்லிசாகத் தடவி, மணலைக் குவித்துக் கொட்டி, பலகையால் அழுத்தினேன்.

டேப்பை எப்போது உரிப்பது என்பதில்தான் உயிர் போனது. உடனே உரித்தால் பசை வழிந்து கரை கலைகிறது. மறுநாள் உரித்தால் பசை இறுகி, டேப்போடு எழுத்தின் ஓரமும் பிய்ந்து வருகிறது. ‘ம’வின் வளைவை இப்படியே இரண்டு முறை கெடுத்தேன். எங்கள் ஊர் வெயிலில் பத்து நிமிடம்தான் கணக்கு. நகத்தால் தொட்டால் பசை பள்ளம் விழுந்து, ஆனால் ஒட்டாமல் இருக்கிற அந்த நேரம்தான் சரி. டேப்பை மேலே தூக்காமல் கல்லோடு படிந்தாற்போல் பின்பக்கமாக மடித்து இழுத்தால் கரை கத்தி வைத்ததுபோல் வருகிறது. அந்த ‘ம’வை மூன்றாவது முறை அப்படி உரித்தபோது, சமையலறையில் இருந்த அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மணலைப் பற்றியும் சொல்லவேண்டும். எம் சாண்ட் வேண்டாம், உடைத்த கல் என்பதால் பொடி கூர்மையாக இருக்கும். ஆற்றுமணலைத் தேயிலை வடிகட்டியில் சலித்துக் கழுவியதுதான் விரலுக்கு இதம். பொருளைத் தொட்டுத் தடவிக் கற்கிற மொண்டிசோரி முறையில் உயிருக்கு ஒரு நிறம், மெய்க்கு ஒரு நிறம் என்று அட்டை செய்வார்கள். கல்லின் நிறத்தை மாற்ற முடியாது, மணலின் நிறத்தை மாற்றலாம் என்று நினைத்தேன். ஓரியூரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மண் பூசை மாடத்தில் இருக்கிறது. 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற பாதிரியார் வேதசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்து, மரித்த இடத்து மண். அதில் ஒரு பிடி எடுத்து ‘அ’வுக்கு மட்டும் ஒட்டலாமா என்று அத்தையிடம் கேட்டேன். “நெத்தியில வைக்கிற மண்ணும்மா அது, தரையில போடக்கூடாது” என்றார்கள். சரிதான். உயிருக்கு நம் தோட்டத்துச் செம்மண்ணையே எடுத்துக்கொண்டேன். களி போக ஆறு தண்ணீர் கழுவ வேண்டியிருந்தது, கடைசியில் மிஞ்சுகிற சிவப்புப் பருக்கை அழகாக இருக்கிறது.

வரிசை ட, ப, ம என்றுதான் போகிறேன். ‘அ’வின் சுழி நாலு வயதுக் கைக்கு முதல் நாளே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். தொடங்குகிற இடத்தில் முதலில் ஒரு ஜவ்வரிசி ஒட்டினேன், பாப்பா பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். இப்போது நகப்பூச்சுப் பொட்டு. ஒரு கல் இரண்டு கிலோவுக்குப் பக்கம் இருப்பதால் அவளைத் தூக்கவிடுவதில்லை. தாழ்வாரத்தில் வரிசையாகப் போட்டுவிட்டேன், காலையில் ஜெபம் முடிந்ததும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து தடவிக்கொண்டே போகிறாள். சின்னவன் அதன் மேல் வெறுங்காலால் நடக்கிறான், அவனுக்கும் அது ஏதோ பாடம்தான்.

கணக்குக்குப் பல்லாங்குழி போய்க்கொண்டிருக்கிறது. அப்பத்தா காலத்துக் குன்றிமணி டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டேன். கடித்து மென்றுவிட்டால் கொடிய விஷம் அது. சோழிக்கு மாறியாயிற்று, அதுவும் சின்னவன் கைக்கு எட்டாத நேரத்தில் மட்டும்.

போன வாரம் பைபிள் கதை: ஒரு பையன் கொடுத்த ஐந்து அப்பம், இரண்டு மீனைக் கொண்டு இயேசு பெரிய கூட்டத்துக்கே உணவளித்தது. அப்பத்துக்கு வெள்ளைப் பணியாரம், மீனுக்கு அட்டை. ஐந்தும் இரண்டும் ஏழு என்பது பணியாரத்தில் சட்டென்று புரிந்தது. “அப்பம் கொடுத்த பையனுக்கு மிச்சம் கெடச்சுச்சாம்மா?” என்று கேட்டாள். பன்னிரண்டு கூடை மிஞ்சியதே, அவனுக்கு இல்லாமலா என்றேன். சொல்லும்போதே பொறி தட்டியது. கூடை பன்னிரண்டு, உயிரெழுத்தும் பன்னிரண்டு! பனையோலைக் கொட்டானில் உள்ளங்கை அளவில் பன்னிரண்டு முடையச் சொல்லியிருக்கிறேன். ‘அ’ கொட்டானில் அரிசி, ‘இ’யில் இலை, ‘உ’வில் உப்பு என்று போட்டு அந்தந்தக் கல்லுக்கு நேரே வைக்கலாம். ‘ஔ’வுக்குத்தான் கையில் பிடிக்கிற பொருள் கிடைக்கவில்லை, யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். முடைகிற அக்கா இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்கள். சாயம் தோய்த்த ஓலை வேண்டாம், வாயில் வைக்கிற பிள்ளை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

முடிந்தது ஏழு கல், மீதி இருபத்து மூன்று. பின்கட்டில் நாலு கல்தான் மிச்சம், ஆத்தங்குடிக்குப் போய் ஓரம் உடைந்து ஒதுக்கியவை இருக்கிறதா என்று கேட்கவேண்டும். இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ‘இ’க்கு டேப் வெட்ட உட்காருகிறேன். அந்தச் சுழிக்குள் பிளேடு திரும்புமா என்று பார்க்கவேண்டும்.