சென்னாகுன்னியும் பிறை அடைப்பும்

1984, ஏழாம் வகுப்பு. கணக்கு சார் கரும்பலகை நிறைய மூன்று அடுக்கு அடைப்புக்குறி போட்டு ஒரு கணக்கு எழுதுவார். "உள்ளே இருந்து வெளியே வரணும். முதல்ல பிறை, அப்புறம் நெளி, கடைசியா சதுரம்." அடுத்த பீரியட் தமிழ் ஐயா. அவரிடம் சதுரம் என்றால் கோபம் வரும். "அது பகர அடைப்புடா. பகரத்தைப் படுக்கவைத்துப் பார்!" தலையைச் சாய்த்துப் பார்த்தோம். ப-தான்.

கடைசி பெஞ்சுக்கு இரண்டு பேர் வைத்த பெயரும் பிடிக்கவில்லை. நெளி அடைப்பு எங்களுக்கு 'மீசை'. காற்புள்ளிக்குப் பெயர் வைத்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காசிமேட்டு நண்பன். அவன் வீட்டு வாசலில் எப்போதும் சாக்கு விரித்துச் சென்னாகுன்னி என்கிற பொடி இறால் காயும். வளைந்த முதுகும் மெலிந்த வாலுமாக ஒவ்வொன்றும் அச்சு அசல் காற்புள்ளி. கட்டுரை நோட்டில் ஐயா சிவப்பு மையால் சுழித்திருந்தால், "ஒரு குன்னி கம்மியாம்டா" என்பான்.

ஐயா காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று விரல் விட்டு எண்ணி நிறுத்தி வாசிக்க வைப்பார். கால், அரை, முக்கால், முழுசு. கொத்தவால்சாவடியில் காய் நிறுப்பது போல அளந்து வைத்த பெயர்கள். அதன் அருமை அப்போது தெரியவில்லை. பிறகு நான் பழகிய எந்த மொழியிலும் இப்படி ஒரு தராசைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தின் கமாவும் கோலனும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. கமா என்றால் வெட்டிய துண்டு, கோலன் என்றால் உடலின் உறுப்பு. கேட்டால் கசாப்புக் கடை நினைவுதான் வருகிறது. நம் அரைப்புள்ளியைக் கிரேக்கர்கள் கேள்விக்குறியாகப் போடுகிறார்கள் என்பது தெரிந்திருந்தால், தேர்வில் வாங்கிய திட்டுக்கு ஐயாவிடம் ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன்.

வேலைக்கு வந்த பிறகுதான் பெயர் எவ்வளவு முக்கியம் என்று உறைத்தது. அமெரிக்கக் கிளையில் இருந்தவருக்குத் தொலைபேசியில் நிரல் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் 'பிராக்கெட்' என்றால் பிறை. நமக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆங்கிலம். அவருக்கு 'பிராக்கெட்' என்றால் சதுரம், பிறைக்கு 'பேரன்தசிஸ்'. அரை நாள் வீணாகப் போனது. முற்றுப்புள்ளியை அவர் 'பீரியட்' என்றபோது எனக்கு நம் பள்ளி மணிதான் காதில் அடித்தது.

ஜெர்மனிக்குக் குடி வந்ததும் இன்னொரு கூத்து. இங்கே அடைப்புக்குறியின் பெயர் 'கிளாமர்'. சினிமா கிளாமர் இல்லை. கவ்விப் பிடிக்கிற எதுவும் கிளாமர்தான்: கொடியில் துணிக்குப் போடும் கிளிப், காகித கிளிப், பல்லுக்குக் கட்டும் கம்பி எல்லாம். மேற்கோள்குறிக்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயரின் பொருள் 'குட்டி வாத்துக்கால்'. சிரிக்க முடியவில்லை, நம் எழுத்துக்கும் கொம்பும் காலும் இருக்கிறதே. மகளின் கணக்கு வீட்டுப்பாடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இங்கே பிறைக்கு அடுத்து சதுரம், வெளியே நெளி. நான் நம் சார் சொன்ன வரிசையில் திருத்திக் கொடுத்தேன். மறுநாள் அவள் என்னிடம் பேசவில்லை.

அப்புறம் அந்த மின்னஞ்சல் குறி, @. 1971-இல் ரே டாம்லின்சன் அதை மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொள்ளும் முன்பே அது கணக்குப் புத்தகத்தில் இருந்தது, கிலோ இத்தனை ரூபாய் வீதம் என்று. அதனால்தான் நாம் இன்னமும் முகவரி சொல்லும்போது 'அட் தி ரேட்' என்கிறோம். நான் அப்படிச் சொன்னதும் இங்கே ஒருவர் என்ன விலை என்று கேட்டார். மற்றவர்களுக்கு அதில் வியாபாரமே தெரியவில்லை. இத்தாலிக்காரருக்கு நத்தை, டச்சுக்காரருக்குக் குரங்குவால், ஸ்வீடனில் தும்பிக்கை, ரஷ்யாவில் நாய். செக் மொழியில் 'ஸாவினாச்'. அது காடியில் ஊறவைத்துச் சுருட்டிய ஹெர்ரிங் மீன்.

இதைக் கேட்டதும் காசிமேட்டு நண்பனைக் கூப்பிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரைச்சலில் அவன் குரல் பாதிதான் கேட்டது. சென்னாகுன்னியை அவனே மறந்துவிட்டிருந்தான். நினைவுபடுத்தியதும் ஒரே சிரிப்பு. பிறகு அந்த மீனை எப்படிச் செய்வார்கள் என்று விசாரித்தான். தெரிந்தவரை சொன்னேன்: முள் எடுத்து, காடியில் போட்டு, நடுவில் ஊறிய வெள்ளரித் துண்டை வைத்துச் சுருட்டி, குச்சி குத்தி.

"மீன் ஊறுகா, சரி," என்றான். "வெள்ளரிக்காய எதுக்குடா உள்ள வெச்சான்?"