ஒரு டிக், 12,500 டாலர்

டெக்சாஸில் ஐந்து வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்தியதுகூடப் பெரிதில்லை. நடத்தினேன் என்று எழுதி வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

டீச்சர் லோன் ஃபர்கிவ்னஸ் (ஆசிரியர்களின் கல்விக் கடனில் அமெரிக்க அரசு தரும் தள்ளுபடி) கணக்கு தெரிந்ததுதான். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில் இடைவெளியில்லாமல் ஐந்து கல்வியாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். உயர்நிலையில் கணக்கு, அறிவியல் எடுப்பவர்களுக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கும் 17,500 டாலர் வரை தள்ளுபடி, மற்றவர்களுக்கு 5,000 வரை. என் பங்கை அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன்.

வினை பள்ளிச் சான்றில் இருந்தது. நடுவில் பள்ளி மாறியதால் எனக்கு இரண்டு சான்று தேவை. இப்போதைய பிரின்சிபல் அன்றே கையெழுத்துப் போட்டார். பழைய பள்ளியில் ஆள் மாறியிருந்தார். "உங்கள் காலத்தில் நான் இங்கே இல்லையே" என்று, பள்ளிகளை நிர்வகிக்கும் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்குக் கைகாட்டினார். அங்கே எச்.ஆர். அம்மா மூன்று வாரம் படிவத்தை வைத்திருந்தார். அப்புறம் கணக்கு ஆசிரியர் கட்டத்தை விட்டுவிட்டு, பொதுவான உயர்நிலை ஆசிரியர் கட்டத்தில் டிக் அடித்துத் தந்தார். அதாவது 5,000! நல்லவேளை, கார் பார்க்கிங்கிலேயே பிரித்துப் பார்த்தேன்.

திரும்பப் போனால், "ரெண்டும் டீச்சர்தானே" என்கிறார். ஒயிட்னர் பூசித் திருத்தினார். லோன் சர்வீசர், அதாவது கடன் தவணையை வசூலிக்கும் நிறுவனம், அதைத் திருப்பி அனுப்பிவிட்டது: திருத்தத்தின் பக்கத்தில் இனிஷியல் இல்லையாம். மறுபடி புதுப் படிவம், மறுபடி நாற்பது மைல். இந்த முறை சரியான கட்டத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். நான்கு நிமிட வேலை.

பரிசீலனை நடக்கும்போது தவணையை நிறுத்திவைப்பார்கள், வட்டி மட்டும் ஓடும். அதை நான் கவனிக்கவில்லை. அரசு, பொதுநல வேலையில் இருப்பவர்களுக்கான இன்னொரு கடன் தள்ளுபடியான பொதுச் சேவைத் தள்ளுபடியும் வாங்க நினைப்பவர்கள் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்த ஐந்து வருடத்தை இரண்டுக்கும் காட்ட முடியாது. தகுதியுள்ள பள்ளிகளின் அரசுப் பட்டியலில் பள்ளிப் பெயர் சுருக்கமாக இருக்கும். நான் முழுப்பெயரைப் போட்டுத் தேடி, பள்ளியே பட்டியலில் இல்லை என்று ஒரு ராத்திரி தூங்கவில்லை.

போன வாரம் 17,500 கழிந்துவிட்டது. மீதிக் கடனுக்கு, வருடம் 2,500 டாலர் வரை தரும் டெக்சாஸ் மாநிலத் திட்டத்துக்கு எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன். அதற்கும் பள்ளிச் சான்று வேண்டுமாம். மஞ்சள் சீட்டுக் கட்டு பையிலேயே இருக்கிறது.