டக்காரில் ஒரு கதவு

செனகல் தலைநகர் டக்காரிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகிறது. விசா, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கொலொபான் சந்தையில் பார்த்த கதவைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத வரவில்லை.

பழைய துணி மூட்டைகளுக்கும் செருப்புக் குவியல்களுக்கும் நடுவே ஒருவர் மரக்கதவு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். நேராக வந்தால் கூட்டத்தில் இடிக்கும். அதனால் படகைத் திருப்புவதுபோல அதைத் திருப்பித் திருப்பி வந்தார். கழற்றிய கீல் ஒன்று ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சினிமா இயக்குநர் ஜிப்ரில் ஜோப் மம்பெத்தி 1945-இல் பிறந்த பேட்டை இந்தக் கொலொபான்தான். 1994-இல் வந்த அவருடைய 'லெ ஃபிராங்க்' முக்கால் மணி நேரப் படம். மாரிகோ என்ற ஏழை இசைக்காரன் வாடகை கொடுக்கவில்லை. வீட்டுக்காரம்மா அவனுடைய வாத்தியத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறாள். அவன் ஒரு லாட்டரிச் சீட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கதவில் பசை போட்டு ஒட்டுகிறான். பரிசு விழுந்துவிடுகிறது, சீட்டோ உரிந்து வர மறுக்கிறது. கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு டக்கார் முழுக்க நடக்கிறான். அந்த ஆண்டு ஜனவரியில்தான் செனகலில் புழங்கும் பணமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அதுவரை ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 கொடுத்தவர்கள் இனி 100 கொடுக்க வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு கதவை வைத்துச் சொல்ல முடிகிறது என்பதுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

சரி, டாக்சி. கொலொபானிலிருந்து ப்ளாத்தோ போக 2,000 பிராங்க் என்று பேசித்தான் ஏறினேன். மீட்டர் எல்லாம் கிடையாது. பாதி வழியில் நெரிசலைக் காட்டி 5,000 என்றார். 'தஃபா சேர்', ரொம்ப அதிகம் என்று அந்த ஊர் மொழியான வொலோஃபில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாரே தவிர இறங்கி வரவில்லை. கடைசியில் 3,500-க்கு முடிந்தது. ஒன்றரை யூரோ கொடுத்தால் 1,000 பிராங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். கூடக் கொடுத்த 1,500 எனக்கு ஒரு மதியச் சாப்பாடு. பேசிய பேச்சை மாற்றுவது எந்த ஊரிலும் தப்புதான்.

ஆனால் நான் இறங்கிய இடம் ப்ளாத்தோ. இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'பொரோம் சரெத்' படத்து வண்டிக்காரன் வந்து மாட்டிக்கொண்ட அதே மேட்டுக்குடிப் பகுதி. 1963-இல் எடுத்த சுமார் 20 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம் அது. வொலோஃபில் 'பொரோம்' என்றால் உடையவன், 'சரெத்' குதிரை வண்டி. செம்பேன் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நாவல்கள் எழுதியவர். நாற்பது வயதை ஒட்டி மாஸ்கோவில் சினிமா கற்றுத் திரும்பி, இந்தப் படத்தைத் தந்தார். வண்டிக்காரன் அன்றைய சம்பாத்தியத்தை முன்னோர் புகழ் பாடியவனிடம் கொடுத்துவிடுகிறான். குதிரை வண்டி வரக்கூடாத ப்ளாத்தோவுக்கு ஒரு சவாரியை நம்பிப் போகிறான். போலீஸ்காரர் பிடிக்கிறார். அவனுடைய பதக்கம் தரையில் விழுகிறது, அதன்மேல் பூட்ஸ் கால். அந்தச் சில நொடிக்காகவே படத்தை ஐந்து முறை பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். 'செபு ஜென்' என்றால் சோறும் மீனும். அவர்கள் விரும்பிச் சமைப்பது நம்ம நொய் அரிசி! மீனைக் கீறி உள்ளே பூண்டும் பார்ஸ்லியும் திணித்து, தக்காளிக் குழம்பில் வேகவைத்து, அந்தக் குழம்பிலேயே நொய்யையும் வேகவைக்கிறார்கள். ஓரத்தில் புளி. டக்கார் என்ற பெயரே வொலோஃபில் புளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. சட்டி அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியாக வைத்தார்கள், அதற்குத்தான் போட்டி. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி ஐந்து பேர். எதிரே இருந்த அம்மா மீனைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி டக்காரின் மெதினா பேட்டையில் ஒரு வீட்டு முற்றத்தில் வேட்டி அகலத்துக்கு வெள்ளைத் துணி கட்டி, பேட்டைப் பிள்ளைகள் போனில் எடுத்த படங்களைப் போட்டார்கள். ஒன்றில் ஒரு பையன் ஐஸ் கட்டி வாங்கப் போகிறான். வழியில் பந்தாட்டம், சண்டை, ஒரு ஆடு. வீடு வந்து சேரும்போது பையில் தண்ணீர்தான் இருக்கிறது. அம்மா அதை அப்படியே ஜூஸில் ஊற்றிவிடுகிறாள். ஆறே நிமிடம். செலவு ஒரு ஐஸ் கட்டி. முற்றத்தில் இருந்தவர்கள் மறுபடியும் போடச் சொல்லிக் கத்தினார்கள், நானும்தான்.

விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். மற்ற கணக்கெல்லாம் அடுத்த பதிவில்.

இன்று காலை எங்கள் தெருவில் ஒரு மீன்பாடி வண்டியில் பீரோ போனது. அதன் கண்ணாடியில் இஸ்திரிக் கடை, குழாயடி, மாடியில் காயும் துணி எல்லாம் ஆடி ஆடிப் போயின. "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்று கேட்டுக்கொண்டு போனோடு பின்னாலேயே நடந்தேன். முனைக் கடை வரைக்கும் எடுத்தேன். இரண்டு நிமிடம் பத்து நொடி.